மணத்துக்குப் பொறுப்பானவள்

எங்கள் வட்டாரத்துப் பெண்கள் சங்கம் முகத்துக்குப் பூசும் கிறீம் செய்கிறது. மெழுகு உருக்க ஒருத்தி, கற்றாழை சீவ ஒருத்தி, டப்பாவில் அடைக்க இரண்டு பேர். மணத்துக்குப் பொறுப்பு நான். பூ எண்ணெயை எவ்வளவு விடுவது, விட்டது போதுமா, கலவை நல்லதா கெட்டதா என்று மூக்கால் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது என் வேலை. அந்தப் பதவியில் நான் இருந்த இரண்டு வருடமும் எனக்கு ஒரு மணமும் தெரியாது.

இதற்காக யாரும் சங்கத்தைக் குறை சொல்லக்கூடாது. ஒரு காலத்தில் புங்குடுதீவில் என் மூக்கைத் தெரியாதவர்கள் குறைவு. நல்லெண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திறந்தால் போதும், உள்ளே வேறு எண்ணெய் கலந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். ஒழுங்கையால் நடந்து போகும்போதே எந்த வீட்டில் கணவாய்க் கறி, எந்த வீட்டில் சோறு அடிப்பிடித்தது, எந்த வீட்டு மனிதர் தவறணையில் குடித்துவிட்டு வந்து படுத்திருக்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். கடைசிச் செய்தியை வெளியே சொல்லப்போய் இன்றைக்கும் இரண்டு வீட்டுக்காரர் என்னோடு கதைப்பதில்லை. மூக்கை நுழைக்கிறவள் என்று என்னை அவர்கள் சொன்னது திட்டு. நான் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறகு உலகத்துக்கே வந்த அந்தக் காய்ச்சல் எனக்கும் வந்தது. போகும்போது மணத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சில மாதத்தில் திரும்பும் என்றார் டொக்டர். என்னோடு காய்ச்சலில் கிடந்த எல்லாருக்கும் திரும்பியது. எனக்கு மட்டும் வரவில்லை. ஒரு நாள் புளித்துப்போன தேங்காய்ப்பால் சொதியைக் கணவருக்கு ஊற்றியிருக்கிறேன். அந்த மனிதர் முகம் சுளிக்காமல் முழுவதும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். ஏதோ கோபத்தில் வேண்டுமென்றே ஊற்றினேன் என்று நினைத்தாராம். முதல் நாள் நடந்த ஒரு வாய்த்தர்க்கத்துக்கு அடுத்த நாள் மன்னிப்பும் கேட்டார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். மன்னிப்பு நன்றாயிருந்தது, சொல்லவில்லை.

ஊருக்கும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் மானம்தான். நான் பெரிதாகப் படித்தவள் அல்ல. என் இரண்டு பிள்ளைகளும் வெளிநாட்டில். ஊரில் என்னை ஒரு ஆளாக எண்ணி, ஒன்றைக் கொண்டுவந்து நீட்டி, “இதை ஒருக்காப் பாருங்கோ அக்கா” என்று நாலு பேர் கேட்டது இந்த மூக்குக்காக மட்டும்தான். அதுவும் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது?

அந்த நிலையில்தான் சங்கம் கிறீம் செய்யத் தொடங்கியது. சங்கத் தலைவி ஓய்வுபெற்ற விஞ்ஞான ரீச்சர். கூட்டத்தில் எழும்பி நின்று, “மணத்துக்கு வேற ஆளைத் தேடத் தேவையில்லை. இவவின்ர மூக்கு இருக்கேக்க எங்களுக்கென்ன குறை?” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். என்னால் ஏலாது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நானும் எழும்பி, அடக்கமாகச் சிரித்து, “உங்கட விருப்பம் ரீச்சர்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பயிற்சி தர கொழும்பிலிருந்து ஒரு பெண் வந்தார். கறுப்பும் மண்ணிறமுமான சிறு போத்தல் ஒன்றைக் கொண்டுவந்தார். மேலே ‘இலாங்-இலாங்’ என்று எழுதியிருந்தது. கடலுக்கு அப்பால் எங்கோ ஒரு மரத்தில் பூக்கும் மஞ்சள் பூவாம், அதை நீராவியில் வாட்டி எடுத்த எண்ணெயாம். “இதென்ன, எங்கட நாட்டின்ர பேரையே ரெண்டு தரம் எழுதிக் கிடக்கு?” என்று ஒருத்தி கேட்டாள். அன்று முதல் எங்கள் சங்கத்தில் அதற்குப் பெயர் இலங்கை எண்ணெய்.

“பூவிலயிருந்து எடுத்ததுதானேன்னு நம்பி அள்ளி ஊத்திறாதீங்க” என்றார் பயிற்சி தந்த பெண். “நூறு கிராமுக்குப் பத்துத் துளி. கூடினா தலை இடிக்கும், தோல் எரியும். கிறீம் செஞ்சதும் முழங்கை மடிப்புல கொஞ்சம் பூசி ஒரு நாள் பார்க்கணும். சிவக்கலைன்னாத்தான் விக்கணும்.” எல்லாரும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை. மூக்குள்ளவளுக்குக் கொப்பி எதற்கு?

போத்தலை என்னிடம் நீட்டினார். நான் கண்ணை மூடி, மெதுவாக இழுத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, “ம்ம்... கொஞ்சம் இனிப்பு. அடியில ஒரு காரம்” என்றேன். அந்தப் பெண் வியந்து போனார். பக்கத்தில் நின்றவள் மூடியை மோந்துவிட்டு அதைத்தான் முணுமுணுத்திருந்தாள். நான் அதைக் கொஞ்சம் நல்ல தமிழில் திருப்பிச் சொன்னேன்.

அதன் பிறகு இரண்டு வருடம் இப்படியேதான் ஓடியது. துளியை எண்ணி விடுவேன். முழங்கையில் பூசி ஒரு நாள் பொறுத்திருப்பேன். அது இரண்டிலும் நான் தவறியதே இல்லை. பிறகு எல்லாரும் பார்க்க மோந்து, மற்றவர்களின் முகத்தைக் கடைக்கண்ணால் பார்ப்பேன். முகம் மலர்ந்தால் சரி. சுருங்கினால், “தேங்காயெண்ணெய் கொஞ்சம் பழசு போல” என்று நானே முந்திக்கொள்வேன். இதற்கு மூக்கு தேவையில்லை. கண்ணும் கொஞ்சம் வெட்கமின்மையும் போதும்.

இனி என் மச்சாளைப் பற்றி, தம்பியின் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தம்பி இளவயதில் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போய், அங்கே அகதி முகாமில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணைக் கட்டினான். இரண்டு பேரும் திரும்பி வந்து எங்கள் வளவிலேயே ஒரு வீட்டைத் திருத்தி இருக்கிறார்கள். மச்சாளின் முகாம் பெரிய பூச்சந்தை ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்ததாம். சிறு வயதிலிருந்து அங்கே பூக்கட்டித்தான் வளர்ந்தாள். ஊருக்கு வந்து நாலு வருடமாகியும் ஊர் அவளை “இந்தியாவால வந்தவ” என்றே சொல்லும். அவள் பேச்சு அப்படி. என்னை அண்ணி என்பாள். அவளைச் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்று நான்தான் ரீச்சரிடம் சொல்லியிருந்தேன். “திருவிழா முடியட்டும், பார்ப்பம்” என்று ரீச்சர் இழுத்தார். அந்தத் திருவிழாவுக்கு அவள் செய்யும் வேலையைப் பார்த்துத்தான் முடிவு என்று எனக்கு விளங்கியது. அவளுக்கும் விளங்கியிருந்தது.

நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குப் போகிற சனம் எல்லாம் எங்கள் குறிகட்டுவான் இறங்குதுறையில்தான் லோஞ்சு ஏற வேண்டும். அங்கே சங்கத்துக்கு ஒரு கடை. அதற்கு அறுபது டப்பா தேவைப்பட்டது. மெழுகு உருக்குகிறவளுக்குக் கைகால் உளைவு, மற்றவர்களுக்கு விரதம். தேருக்கு முதல் நாள் பகலில் என் குசினியில் நானும் மச்சாளும் மட்டும் நின்று செய்தோம். தேங்காயெண்ணெய் அந்த முறை வேறொரு இடத்தில் வாங்கியது. அது பழசாக இருந்து காறல் அடித்தால் எனக்குத் தெரியாதே என்று காலையிலிருந்தே அந்தப் போத்தலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பார்ப்பதற்கு மற்றவர்களின் முகங்களும் அங்கே இல்லை. மச்சாளின் முகம் மட்டும் இருந்தது. அதுவும் எப்போதும் எனக்காகச் சிரித்துக்கொண்டேயிருக்கிற முகம். அதில் எதை வாசிப்பது?

கலவை சூடு தணிந்ததும் கணக்காக எண்ணித் துளிகளை விட்டேன். கிளறினேன். பிறகு, ஏதோ அவளுக்குப் பயிற்சி கொடுப்பவள் போல, “இப்ப நீர் மோந்து பாரும். மணக்குதோ?” என்று கேட்டேன்.

“ஆமா அண்ணி. மணக்குது” என்றாள்.

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் வாய் மணக்கும். சப்பாத்து மணக்கும். மூன்று நாள் மீன் மணக்கும். பூ மணக்காது, பூ வாசமாயிருக்கும். ‘மணக்குது’ என்று எங்கள் வீட்டில் ஒருவர் சொன்னால் மற்றவர் எழும்பிப் போய் எலி செத்துக் கிடக்கிறதா என்று அலுமாரிக்குப் பின்னால் பார்ப்பார். அவள் வளர்ந்த பூச்சந்தையில் மணக்குது என்றால் ஆகா என்று அர்த்தம். எனக்கு இது தெரியாததல்ல. இந்தியத் தொலைக்காட்சி நாடகங்களை நாள் தவறாமல் பார்க்கிறவள் நான். ஆனால் கள்ளம் உள்ள காதுக்குக் கெட்ட அர்த்தம்தான் முதலில் கேட்கும். எண்ணெய் காறிவிட்டது என்று நான் முடிவு செய்துவிட்டேன். ‘நல்ல மணமா, கெட்ட மணமா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். மணத்துக்குப் பொறுப்பானவள் அப்படிக் கேட்கலாமா?

காறலை மூட இன்னும் முப்பது துளி விட்டேன். “இப்ப?”

“இப்ப இன்னும் நல்லா மணக்குது.”

நல்லா மணக்குதாம். போத்தலின் துளி மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு தேக்கரண்டி ஊற்றினேன். கிளறினேன். அவளைப் பார்த்தேன். அவள் கண்ணை அகல விரித்து, “ஐயோ அண்ணி, செமையா மணக்குது!” என்றாள். அவ்வளவு காறலா? இன்னொரு கரண்டி. இன்னொன்று. அந்தப் பருவம் முழுவதற்கும் என்று வாங்கிய போத்தலின் அடி தெரிந்தபோது அவள் சேலைத் தலைப்பால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, “போதும் அண்ணி, ரொம்ப மணக்குது, தலையே சுத்துது” என்றாள். எனக்கு விட எண்ணெயும் இல்லை. அண்ணிக்குத் தெரியாததா என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். அவளே சொல்லிவிட்டாள், இனி என்ன செய்வது என்று நான் வாயை மூடிக்கொண்டேன். முழங்கையில் பூசிப் பார்க்க ஒரு நாள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறுபது டப்பாவையும் அடைத்து முடித்தோம். அன்று முழுவதும் கணவர் முற்றத்தில் நின்று தும்மிக்கொண்டிருந்தார். என்னிடம் காரணம் கேட்கவில்லை, பாவம், பழைய சொதி ஞாபகம் வந்திருக்கும்.

மறுநாள் காலை கடைக்குப் போகுமுன், வழக்கம்போல எங்கள் கிறீமை நானே கன்னத்தில் பூசிக்கொண்டு போனேன். இறங்குதுறைக்குப் போய்ச் சேர்வதற்குள் கன்னம் மிளகாய் தேய்த்தது போல எரியத் தொடங்கியது. மூக்கு சொல்லாததைத் தோல் சொன்னது. கைக்கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு பக்கமும் தட்டுத் தட்டாகச் சிவந்து கிடந்தது. அப்போதுதான் மச்சாள் கடைக்கு முன்னால் நின்று, லோஞ்சுக்கு வரிசையில் நின்ற சனத்தைப் பார்த்து, சந்தைக் குரலில் கூவினாள்: “வாங்கக்கா, வாங்க! நல்லா மணக்கும் கிரீம்! பூசினா நாள் பூரா மணக்கும்!”

வரிசை முழுவதும் கொல்லென்று சிரித்தது. “பூசாமலே மணக்குது பிள்ளை, இந்த வெயிலுக்கு!” என்றார் ஒருவர். மச்சாள் ஒன்றும் விளங்காமல் தானும் சேர்ந்து சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. முதல் நாள் நடந்ததெல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. எண்ணெய் காறவில்லை. என் காது பிழை. கலவை நான் முதலில் எண்ணி விட்ட துளிகளிலேயே சரியாக இருந்திருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெண் அதற்குள் ஒரு டப்பாவைத் திறந்து, விரலில் எடுத்து, இடுப்பில் இருந்த குழந்தையின் கன்னத்துக்குக் கொண்டுபோனார். நான் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துவிட்டேன். டப்பா மண்ணில் விழுந்தது. “பூசாதேங்கோ, பிள்ளைக்கு எரியும்” என்றேன். அந்தப் பெண் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு விலகிப் போனார்.

ரீச்சர் ஓடி வந்தார். விழுந்த டப்பாவை எடுத்து மோந்தவர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “கடவுளே, இதென்ன! ஆர் கலந்தது?” கேள்வி எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. பார்வை மச்சாளின் மேல் இருந்தது. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனதை நான் பார்த்தேன்.

“நான்தான் ரீச்சர். எனக்கு மணம் தெரியாது. காய்ச்சலோட போனது, இன்னும் வரேல்லை.”

சொல்லிவிட்டேன். மூன்று வருடம் தொண்டையில் நின்றதைச் சொன்னால் ஊர் அதிரும் என்று நினைத்திருந்தேன். ஊர் நம்பவேயில்லை. ரீச்சர் என் தோளைத் தட்டி, “மச்சாளைக் காப்பாத்த நீர் பொய் சொல்லத் தேவையில்லை. உம்மட மூக்கை எங்களுக்குத் தெரியாதோ?” என்றார். சுற்றி நின்ற பெண்கள் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். என்ன நல்ல மனம் இவளுக்கு என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. இரண்டு வருடம் பொய் சொன்னேன், ஒருவர் சந்தேகப்படவில்லை. ஒரு உண்மை சொன்னேன், பொய்க்காரி ஆக்கிவிட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. “உண்மையா எனக்கு மணம் தெரியாது! சோதிச்சுப் பாருங்கோ!” என்று கத்தினேன்.

சோதனை என்றதும் ரீச்சருக்குள் இருந்த விஞ்ஞானம் விழித்துக்கொண்டது. கண்ணை மூடச் சொன்னார். பக்கத்து அர்ச்சனைக் கடையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். மூக்குக்குள் ஒரு குளிர் ஏறியது. மணம் போனாலும் அந்தக் குளிர் போகவில்லை. வாய் தவறி, “கற்பூரம்” என்றேன். “பார்த்தீங்களோ!” என்று எல்லாரும் கூவினார்கள். அன்று நான் மூக்குடைபட்டிருக்க வேண்டும். உடையாமல் நின்று மானத்தை வாங்கியது அந்த மூக்கு.

“இன்னொண்டு” என்றேன், கண்ணைத் திறக்காமலே.

யாரோ நடந்து போய் வந்தார்கள். பிறகு என் முகத்துக்கு முன்னால் ஏதோ இருப்பது தெரிந்தது. மூச்சை இழுத்தேன். ஒன்றுமில்லை. இன்னும் ஆழமாக இழுத்தேன். எனக்கு அப்போது மச்சாளும் கிறீமும் ரீச்சரும் எல்லாம் மறந்துபோனது. ஏதாவது தெரியாதா, ஒரு துளி தெரியாதா என்று மட்டும்தான் இருந்தது. “இன்னும் கிட்டக் கொண்டுவாங்கோ ரீச்சர்” என்றேன். கிட்ட வந்தது. நானும் குனிந்தேன். மூக்கு நுனியில் ஈரமாக ஏதோ பட்டது. கண்ணைத் திறந்தேன்.

இறங்குதுறைப் பாலத்தடியில் தூண்டில் போடுகிற ஒரு மனிதரின் இரைப் பேணி அது. உள்ளே நாலு நாள் வெயிலில் கிடந்த இறால் தலைகளும் மீன்குடலும் புழுவும். பேணியைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்த ரீச்சர் மற்றக் கையால் மூக்கைப் பொத்தி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தார். எல்லாரும் பத்தடி தள்ளிப் போய்விட்டார்கள். அவர்களின் கண்ணில் இருந்த பெருமை போய் இரக்கம் வந்திருந்தது.

மச்சாள் மட்டும் மூக்கைப் பொத்தாமல் கிட்ட வந்தாள். பேணியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தன் சேலைத் தலைப்பால் என் மூக்கைத் துடைத்தாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். “நாறுது அண்ணி” என்றாள். “இது நாறுது.” அந்தச் சொல்லுக்குக் கடலின் இரண்டு கரையிலும் ஒரே அர்த்தம்தான்.

கடையை அன்று மூடிவிட்டோம். மிச்ச டப்பாக்களை எல்லாம் உருக்கி, எண்ணெயும் மெழுகுமாக ஏழு மடங்கு சேர்த்த பிறகுதான் முழங்கை சிவக்காமல் இருந்தது. அதனால் சங்கத்தில் யாருக்கும் நாலைந்து மாதத்துக்குக் கிறீம் கிண்டும் தேவை வரவில்லை. அதை என் சேவையாகக் கணக்கெடுக்கலாம் என்று சொன்னேன், ரீச்சர் சிரிக்கவில்லை. மணத்துக்குப் பொறுப்பு இப்போது மச்சாள். நான் துளி எண்ணுகிறேன். கொப்பியும் வாங்கிவிட்டேன். கணவருக்கும் சொதி விஷயத்தைச் சொன்னேன். அந்த மன்னிப்பை அவர் திருப்பிக் கேட்கிறார்.

போன கிழமை மச்சாளும் நானும் கடைக்குப் போய் ஒழுங்கையால் திரும்பி வந்துகொண்டிருந்தோம். மூலை வீட்டு வேலியடியில் அவள் சட்டென்று நின்று, மூக்கை உயர்த்தி, “அண்ணி, மணக்குது” என்றாள்.

“எந்த மணக்குது?” என்று கேட்டேன். இப்போது நான் கேட்கலாம்.

“உங்க மணக்குது இல்ல. எங்க மணக்குது. கணவாய் வறுக்கிறாங்க. மிளகு கொஞ்சம் தூக்கல். கறிவேப்பிலை இப்பத்தான் போட்டாங்க.”

நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று வருடத்துக்குப் பிறகு என் வாயில் எச்சில் ஊறியது.